கைக்குப் பழகிய குட்டி

குட்டி ஓணானை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையில் எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் மகுடேசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எடுக்காம இருந்தா என்னங்க கெட்டுப்போச்சு?" என்பான். இத்தனைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துத்தான் அவன் வாழ்க்கையில் முன்னுக்கு வந்தான்.

தண்ணீர்ப் பங்கீடு வந்து, அடுக்குமாடிகளில் நாய் கூடாது, பூனை கூடாது என்று ஆன பிறகு கோயமுத்தூரில் வீட்டுக்கு ஒரு தாடி ஓணான் வந்து சேர்ந்தது. கழுத்தடியில் முள்முள்ளாகத் தாடி வைத்த வெளிநாட்டு ஓணான். குரைக்காது, முடி கொட்டாது, நாலு சொட்டுத் தண்ணீர் போதும். பிள்ளைகள் விடுவார்களா? தூங்கி எழுந்ததும் தூக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூக்கு, வீட்டுக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் கொடு என்று கொஞ்சிக் கொஞ்சியே முக்கால்வாசிக் குட்டிகளைக் கொன்றுவிட்டார்கள். நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. பயத்திலேயே செத்தன.

'செதில்' என்ற ஓணான் பண்ணையில் வேலை பார்த்த மகுடேசன் அதற்கு ஒரு வழி கண்டான். குட்டியின் வயிற்றைச் சுற்றி நூல் மாதிரி ஒரு பட்டை. நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது, உடம்பில் எவ்வளவு பதற்றம் ஊறுகிறது என்று அது கணக்குப் போடும். பச்சை எரிந்தால் எடுக்கலாம். மஞ்சள் எரிந்தால் இறக்கிவிட வேண்டும். சிவப்பு எரிந்தால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒவ்வொரு சிவப்புக்கும் அந்த இடைவெளி இரட்டிப்பாகும், ஒவ்வொரு பச்சைக்கும் பாதியாகக் குறையும். குட்டிகள் பிழைத்தன. மகுடேசன் படம் பேப்பரில் வந்தது.

அதோடு நின்றதா? குடும்ப நீதிமன்றத்திலிருந்து இரண்டு பேர் பண்ணைக்கு வந்தார்கள். பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவில் பிள்ளைகள் படும் பாட்டைச் சொன்னார்கள். பெற்றவர்களைக் கேட்டால் வாயைத் திறந்தாலே பொய். பிள்ளையைக் கேட்டாலோ கடைசியாக ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர் பேரைச் சொல்கிறது. இந்தப் பட்டை பிள்ளைகளுக்கு ஆகுமா என்று கேட்டார்கள். மகுடேசன் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே, "படபடப்புங்கறது எல்லா உசுருக்கும் ஒண்ணுதானுங்க. அதுல ஒடக்கான் என்ன, கொழந்தை என்ன?" என்றான். ஓணானைக் கோவைப் பக்கம் ஒடக்கான் என்பார்கள். வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போது அவன் மகள் நித்திலா கைக்குழந்தை. அவனும் மனைவி கோகிலவாணியும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டை சட்டமாகி, ஊரெல்லாம் பரவி, ஒரு நாள் தன் வீட்டு வாசலுக்கும் வரும் என்று எந்த மனுஷன் நினைப்பான்?

வந்தது. பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. அவன் பண்ணையே கதியென்று கிடந்தான், அவள் தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள், கடைசியில் இருவருக்கும் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. நித்திலா அம்மாவோடு இருப்பாள், வாரம் ஒரு முறை அப்பாவைப் பார்ப்பாள், மற்றதைப் பட்டை தீர்மானிக்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிப் பூட்டினார்கள்.

முதல் சந்திப்பிலேயே சிவப்பு. இடைவெளி இரண்டு வாரமானது. இரண்டாவதிலும் சிவப்பு. ஒரு மாதமானது. மூன்று மாதத்தைத் தாண்டினால் பார்க்கிற உரிமையே போய்விடும் என்பது விதி.

மூன்றாவது சந்திப்பன்று காலையிலேயே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தான் மகுடேசன். லிஃப்ட் கதவு பாதி திறந்ததும் "அப்பா!" என்று ஒரு கத்தல். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு செருப்பு வழியில் கழன்று விழ, நித்திலா பறந்து வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அவன் வயிற்றில் திக்திக்கென்று அடித்தது. அவன் குனிந்து உச்சி முகர்வதற்குள் மணிக்கட்டில் சிவப்பு எரிந்துவிட்டது.

பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாட்சாயணி வந்தாள். சந்திப்புகளுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்து கூடவே உட்கார்ந்திருக்கும் நீதிமன்ற அலுவலர் அவள்.

"சார், ஓடாதே ஓடாதேன்னு கீழயே சொல்லித்தான் கூட்டீட்டு வந்தேன். கதவு தெறக்கறதுக்குள்ள பூந்து ஓடிட்டா."

"மேடம், அவ பயந்துட்டு ஓடி வரலீங்க. சந்தோசத்துல ஓடி வர்றா."

"எனக்குத் தெரியுதுங்க. பட்டைக்குத் தெரியோணுமே." தாட்சாயணி சோபாவில் உட்கார்ந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பண்ணுனதுதானுங்களே? சந்தோசத்துக்குன்னு தனியா ஒரு லைட்டு வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

"ஒடக்கானத் தூக்குனா அதுக்கு சந்தோசமே கெடையாதுங்க மேடம். பயம் இருக்கும், இல்லீன்னா இருக்காது. ரெண்டுதான். இல்லாததுக்கு லைட்டு எதுக்குன்னு வெக்கல."

சொல்லும்போதே அவனுக்கு நாக்கு கசந்தது. பண்ணை முதலாளிகளிடம் கெஞ்சிப் பார்த்திருந்தான். அது இப்போது சட்டம், நூலளவு மாற்றவும் எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். நீதிமன்றத்தில் போய் நின்றான். குழு கூடி ஆராயும், இரண்டு வருஷமாகும் என்றார்கள். "இயந்திரத்துக்குச் சொந்தபந்தம் கிடையாது, அதனால்தான் நம்புகிறோம்" என்று ஒருவர் அவனுக்கே பாடம் எடுத்தார்.

தாட்சாயணி தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுங்க சார். அதுலயும் செவப்பு எரிஞ்சா..." என்று ஆரம்பித்து, நித்திலாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நித்திலா அதற்குள் கண்ணாடிப் பெட்டி முன்னால் மண்டியிட்டிருந்தாள். பிள்ளை வந்தால் வீட்டில் ஏதாவது வேண்டுமே என்று மகுடேசன் வாங்கி வைத்திருந்த ஓணான் குட்டி, விளக்குச் சூட்டில் கல் மேல் படுத்து, மிட்டா மிராசு மாதிரி அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மிதப்பைப் பார்த்துத்தான் அவள் அதற்குத் தொரை என்று பேர் வைத்திருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு எத்தன தடவ எடுக்கலாம்?"

அவள் கேட்டால் மட்டும் அவனுக்குக் கோபம் வராது. "ஒரு தடவ. சித்த நேரம்."

"போன தடவயும் ஒண்ணுதான் சொன்னீங்க."

"போன தடவ நீ கேட்டயா? நாலு தடவ எடுத்த. தாடி கறுத்துப்போச்சு, பாத்தயல்ல? புதுசா வந்த குட்டிய ஒரு வாரம் தொடவே கூடாது கண்ணு. அதுக்கப்பறம் தெனம் சித்த நேரம். தின்னதும் தூக்கக் கூடாது. ஏ, ஏ, மேலேருந்து கையக் கொண்டு போகாத! அதுக்குப் பருந்து வர்றாப்புல இருக்கும். பக்கத்துல வெரல வெச்சுட்டு சும்மா இரு. அதா வந்து ஏறட்டும்."

நித்திலா நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தொரை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, போனால் போகிறதென்று அவள் உள்ளங்கையில் ஏறியது. ஆசை தாங்காமல் அவள் ஒரு விரலால் அதன் தலையைத் தடவினாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

"பாருங்கப்பா, சொகமாத் தூங்கறான்!"

"தூங்கல அம்மிணி. வேண்டாங்கறான். ஓட வழியில்லீன்னா ஒடக்கான் கண்ண மூடிக்கும்."

அவள் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். "சாரி தொரை," என்றாள். பிறகு கேட்டாள்: "இவனுக்கு எப்பத்தான்ப்பா நம்மளப் புடிக்கும்?"

"புடிக்கறதெல்லாம் இதுக்குக் கெடையாது. தெனம் கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குனா, ஒரு நாளைக்கு நம்ம கை இதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும். இந்தக் கல்லு மாதிரி. அப்பப் பச்சை எரியும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது. மகுடேசன் மகளின் மணிக்கட்டைப் பார்த்தான், தாட்சாயணியைப் பார்த்தான். அட, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்றிருந்தது அவனுக்கு.

அன்றைய சந்திப்புக்குச் சிவப்பு ஏற்கெனவே எரிந்தாயிற்று. இன்னொரு தடவை எரிந்தாலும் அதற்கு மேல் தண்டனை கிடையாது. மிச்சமிருந்த நேரம் முழுக்க அவளை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கலாம், பாவி. அதைச் செய்யாமல், "நித்திலா, ஒரு வெளாட்டு வெளாடலாமா?" என்றான்.

"என்ன வெளாட்டு?"

"ஒறம்பரை வெளாட்டு."

விருந்தாளிக்குக் கொங்கு நாட்டில் ஒறம்பரை என்று பேர். ஒறம்பரை வந்தால் அந்த வீட்டில் உள்ளவர்கள் பெரியவர் சிறியவர் அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்லியாக வேண்டும், ஒருவர் சொல்லாவிட்டாலும் ஆயுளுக்கும் குறை. பிறகு சௌக்கியம் கேட்க வேண்டும், மழை பெய்ததா என்று கேட்க வேண்டும். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுவரைப் பார்ப்பார். யாருடைய நெஞ்சும் படபடத்துப் போகாது.

"அப்பாவப் பாத்தா ஓடி வரக் கூடாது. நான் ஒறம்பரை, நீயும் ஒறம்பரை. 'வாங்க, சௌக்கியங்களா'ன்னு கேக்கோணும். அவ்வளவுதான்."

நித்திலாவுக்கு ஒரே குதூகலம். அவளுடைய அத்தை மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாங்க! ஊர்ல மழையெல்லாம் பேஞ்சுதுங்களா?" என்று இழுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மஞ்சள் எரிந்தது.

"சிரிக்கக் கூடாது."

"நீங்க மூஞ்சிய அப்புடி வெச்சிருந்தா சிரிப்பு வராதாக்கும்?"

"வெளாட்டுல ஜெயிச்சா வாரா வாரம் வரலாம். அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாளு. அப்பறம் இந்தப் பட்டையவே கழட்டிருவாங்க. தோத்தா..." அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். "தோத்தா அப்பாவப் பாக்கவே முடியாது கண்ணு."

சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை அவனை நேராகப் பார்த்து, "வூட்லயும் பழகட்டுமாப்பா?" என்றாள்.

"ஆமா. அப்பா போட்டோவ வெச்சுப் பாரு. பச்சை நிக்கற வரைக்கும் பாத்துட்டே இரு."

தாட்சாயணி காதில் எல்லாம் விழுந்தது. எழுந்து பால்கனிப் பக்கம் போனவள், "நான் ஒண்ணும் கேக்கலீங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

கூட்டிப்போகக் கோகிலவாணி கீழே வண்டியில் காத்திருந்தாள். நித்திலா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டதும் மகுடேசன் விஷயத்தைச் சொன்னான்.

"நானும் ரெண்டு தடவ போய்ச் சொல்லிப் பாத்தேனுங்க, அவளுக்கு அவங்க அப்பா வேணும்னு. பெத்தவங்க பேச்சு எடுபடாதுன்னுட்டாங்க," என்றாள் கோகிலவாணி. "இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அவளுக்குச் சோறே எறங்கறதில்ல. ஆனா இது... கொழந்தைய இப்புடியெல்லாம் பழக்கலாமுங்களா?"

"நடிக்கத்தான கோகிலா சொல்றேன். வேற வழி இருந்தாச் சொல்லு."

அவளிடமும் வேறு வழி இல்லை. "அவ எதையும் பாதியில உடற பிள்ளை இல்லீங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்த இரண்டு மாதத்தை மகுடேசன் எப்படித் தள்ளினானோ! கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் இருக்கப் பழகினான். கண்ணு, தங்கம், சாமி என்று வாய் தவறி வந்துவிடக் கூடாதே என்று தொரையிடம் ஒறம்பரைப் பேச்சுப் பேசிப் பார்த்தான்.

அந்த நாள் வந்தது. லிஃப்ட் திறந்தது. நித்திலா நடந்து வந்தாள். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தாள்.

"வாங்க அம்மிணி," என்றான் மகுடேசன்.

"வாங்கப்பா. சௌக்கியங்களா?"

"சௌக்கியம். மழை பேஞ்சுதா?"

"தூறல்தானுங்க."

பச்சை. உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், தொரைக்கு ஒரு கீரைத் துண்டு கொடுத்தாள். கடைசி வரைக்கும் பச்சை. கிளம்பும்போது மட்டும் லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் ஒரே ஒரு தடவை மின்னி அணைந்தது. அந்த ஒரு மின்னலுக்காக மகுடேசன் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். சந்தோஷத்தில்தான்.

அடுத்தது ஒரு மாதத்தில். பச்சை. அதற்கடுத்தது இரண்டு வாரத்தில். பிறகு வாரா வாரம், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. மகுடேசன் மறுபடி குளியலறையில் பாட ஆரம்பித்தான். பண்ணையில் சிடுசிடுப்பதை விட்டான். பட்டையைக் கழற்றுகிற நாளில் இந்தக் கொஞ்சாத கொஞ்சலையெல்லாம் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடுவது என்று வைராக்கியமாக இருந்தான்.

ஒரு நாள் நித்திலா பெருமையாகச் சொன்னாள்: "மொதல்ல நீங்க சிரிக்கற போட்டோவப் பாத்தா மஞ்ச வந்துருமுங்கப்பா. தெனம் பாத்தேன். பாத்துட்டே இருந்தேன். இப்ப வர்றதே இல்ல."

"எங் கெட்டிக்காரி!"

"வீடியோவும் பாத்தேன். நீங்க என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் புடிப்பீங்களே, அது. அதுக்குத்தான் நெம்ப நாளாச்சு. இப்ப அதுக்கும் பச்சைதான்."

அவன் அவள் தலையைத் தொடப் போன கையை மடக்கி, "சபாஷ்," என்றான்.

இன்னொரு நாள் குடியிருப்புப் பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. மகுடேசன் பதறிப்போய் எழுந்தான். பிள்ளை அவன் பக்கம் பார்க்கவில்லை. முதலில் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, குழாயடிக்குப் போய்த் தானே காலைக் கழுவிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்கப்பா," என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

தாட்சாயணிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "சார், கொழந்தை அழுகவே இல்லீங்களே," என்றாள் தணிந்த குரலில்.

"அழுதா மஞ்ச வந்துருமல்லங்க மேடம்? வெவரமான பிள்ளை," என்றான் மகுடேசன். அவன் நெஞ்சு பெருமையில் விம்மிக்கொண்டிருந்தது.

கடைசி விசாரணை வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. நீதிபதி அம்மா திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்து வியந்துபோனார். "இவ்வளவு அமைதியான குழந்தையை நான் அதிகம் பார்த்ததில்லை. தகப்பனாரைப் பாராட்ட வேண்டும்," என்றார். வாரத்தில் பாதி அம்மாவோடு, பாதி அப்பாவோடு. பட்டை இனித் தேவையில்லை. மகுடேசன் கையெடுத்துக் கும்பிட்டான். பக்கத்தில் நித்திலாவும் கும்பிட்டாள்.

வெளியே வராந்தாவில் கோகிலவாணி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். போன வாரம் எனக்குக் காய்ச்சல் நெம்ப அதிகமாயி மயங்கி உழுந்துட்டேன். முன்னாடியெல்லாம் நான் லேசாத் தும்முனாக் கூட 'அம்மா அம்மா'ன்னு சுத்தி வருவா. அன்னைக்கு வந்து நின்னு பாத்தா. பக்கத்து வூட்டுல போய்ச் சொன்னா. எல்லாஞ் செரியாத்தான் பண்ணுனா. ஆனா..." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எங்கிட்டயும் ஒறம்பரையாட்டந்தான் இருக்காளுங்க."

"பட்டை இருந்துதல்ல கோகிலா, அந்தப் பயம். இன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கே பாரு, நம்ம ரெண்டு பேரு காதும் செவிடாகற மாதிரி கத்துவா."

அவள் அவனை நம்ப ஆசைப்பட்டாள். தலையை ஆட்டினாள்.

அன்று மத்தியானமே நித்திலா அப்பா வீட்டுக்கு வந்தாள், முதன்முறையாகத் துணிப்பையோடு. தாட்சாயணி பட்டையின் பூட்டைத் திறந்து கழற்றினாள். அந்த இடத்தில் தோல் வெளுத்துக் கோடு போட்டிருந்தது. "வரேன் கண்ணு," என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். "போய்ட்டு வாங்க மேடம்," என்றாள் நித்திலா.

கதவு சாத்திக்கொண்டது. மகுடேசன் ஒரு பெருமூச்சு விட்டான். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"வெளாட்டு முடிஞ்சுது கண்ணு! நாம ஜெயிச்சுட்டோம்!"

"செரிங்கப்பா."

"இனி லைட்டும் இல்ல, மேடமும் இல்ல. கத்தலாம், குதிக்கலாம், என்ன வேணும்னாலும் பண்ணலாம்."

"செரிங்கப்பா." அவள் துணிப்பையை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் வாசலை ஒட்டி மண்டியிட்டு இரண்டு கையையும் அகல விரித்தான். "ஓடி வா தங்கம்! அப்பாகிட்ட ஓடி வா!"

நித்திலா அவனைப் பார்த்தாள். "எதுக்குங்கப்பா?" என்று கேட்டாள்.

குறும்பு இல்லை அந்தக் கேள்வியில். காரணம் தெரிந்தால் செய்துவிடலாம் என்பது போலத்தான் கேட்டாள்.

"அடி கள்ளி, இன்னும் நடிக்கறயா?" என்று அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "சும்மா வா சாமி. அப்பாவுக்காக."

எழுந்து நடந்து வந்து அவன் கைகளுக்கு நடுவில் நின்றாள். அவன் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். உச்சியில், நெற்றியில், காதில், வெளுத்த மணிக்கட்டில் முத்தமாகக் கொடுத்தான். கண்ணு, தங்கம், சாமி என்று தேக்கி வைத்ததையெல்லாம் சொன்னான். அவன் உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. எத்தனையோ குட்டிகளின் நெஞ்சைத் தொட்டே எண்ணிய கை அது. பட்டை எதற்கு அதற்கு?

நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது அவள் நெஞ்சு. அவன் காத்திருந்தான். இப்போது வேகம் பிடிக்கும், இதோ பிடிக்கும் என்று கையை எடுக்காமல் காத்திருந்தான். சீராக, நன்றாகத் தூங்குகிற பிள்ளையின் நெஞ்சு போல, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா மேல கோவமா?"

"இல்லீங்கப்பா."

"அப்பாவப் பாக்கோணும்னு ஆசையா இருந்துதா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "மொதல்ல இருந்துச்சுங்கப்பா. அப்பறம் பழகப் பழகப் போயிருச்சு. இப்பத் தேடிப் பாத்தாலும் ஒண்ணும் வர்றதில்ல."

பதறுகிற உயிரை அமைதிப்படுத்த அவனுக்கு நூறு வழி தெரியும். அமைதியாகிவிட்ட உயிரைப் பழையபடி பதற வைக்க, ஒரு சத்தத்துக்கு லிஃப்டிலிருந்து செருப்பு கழன்று ஓடி வர வைக்க, அவனுக்கு ஒரு வழியும் தெரியாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று எந்தப் பண்ணையிலும் யாரும் நினைத்ததில்லை. அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"ஏனுங்கப்பா அழுகறீங்க?" என்றாள் நித்திலா. "நான் செரியாத்தான பண்ணுனேன்?"

"செரியாப் பண்ணுன சாமி," என்றான் அவன். "நெம்பச் செரியாப் பண்ணுன."

அவன் அழுது முடிக்கும் வரை அவள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.